நாலு குண்டூசியும் ஒரு நூலும்

கோலாலம்பூரில் வாசிக்கிற பழக்கமுள்ள நாலு பேர் உட்கார்ந்து '1984' என்ற சர்வாதிகார நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், தே தாரேக் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "'1984'ஆ? அது ரஷ்யாக்காரனைப் பார்த்து எழுதினதுதானே!" பக்கத்தில் இருப்பவரும் விடமாட்டார்: "'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதிய ஹக்ஸ்லி மட்டும் என்னவாம், அவரும் அங்கேயிருந்து எடுத்ததுதான்." அத்தோடு பேச்சு முடிந்துவிடும். முதலில் எழுதியவர் யார் என்று தெரிந்துவிட்டால் பின்னால் வந்த அத்தனை பேரும் களவாணிகள். இந்தத் தீர்ப்பில் பாதி சரி, பாதி தப்பு. எது எந்தப் பாதி என்பதைத் தேதி வைத்தே காட்டிவிடலாம். ஆனால் காட்டி முடித்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகத்தைத் தேடும் இந்தப் பழக்கத்தால், '1984'இல் எந்தப் புத்தகத்திலிருந்தும் வராத ஒரு பகுதி நம் கண்ணிலேயே படாமல் போகிறது. அந்தப் பகுதியில் கிடப்பது நம் ஊர்.

முதலில் வழக்கை முடித்துவிடுவோம். அந்த ரஷ்யாக்காரர், யெவ்கேனி ஜமியாத்தின், தன் நாவலை எழுதியது 1920-21இல். தலைப்பு ரஷ்ய மொழியில் ஒரே எழுத்துக்கூட்டு, 'மீ'. தமிழில் சொல்லப்போனால் முதல் அடியிலேயே இடறுகிறது: 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? ரஷ்யனுக்கும் ஆங்கிலேயனுக்கும் இல்லாத தலைவலி இது. கதைசொல்லி டி-503 எழுதும் 40 குறிப்புகளும் வேற்றுக்கிரகத்து ஆட்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் இன்னும் வெளியே இருப்பவர்கள், ஆகவே 'நாங்கள்'. ஆனால் அவன் கட்டும் இன்டெக்ரல் என்ற விண்கலத்தின் வேலையே அவர்களையும் உள்ளே இழுத்துப்போட்டு 'நாம்' ஆக்குவதுதான். நான் 'நாங்கள்' என்றே வைத்துக்கொள்கிறேன். காரணம் பின்னால் வரும்.

சோவியத் தணிக்கை இதை அச்சேற விடவில்லை. 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது, 1927இல் செக், 1929இல் பிரெஞ்சு. முழு ரஷ்ய மூலம் 1952இல்தான் அச்சானது, அதுவும் நியூயார்க்கில். சொந்த நாட்டில் வெளிவர 1988 ஆகிவிட்டது. எழுதியவர் 1937இலேயே பாரிஸில் இறந்துபோயிருந்தார். ஆகவே 'யார் யாரைப் படித்தார்' என்று கேட்பதற்கு முன், எந்த மொழியில், எந்த ஆண்டுப் பதிப்பில் என்று கேட்க வேண்டும். ஆர்வெல் படித்தது பிரெஞ்சுப் பதிப்பு. இன்று கடையில் கிடைக்கும் ஆங்கில 'நாங்க'ளை எடுத்து, '1984'இன் வாக்கியங்களோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, "பார், இதே சொல்" என்று காட்டுவது வீண் வேலை. நீங்கள் பார்ப்பது ஆர்வெல்லைப் படித்து வளர்ந்த ஒரு மொழிபெயர்ப்பாளரின் சொல்லாகவும் இருக்கலாம்.

ஒற்றுமைகளிலும் தள்ளுபடி செய்ய வேண்டியவை நிறைய. எண் பெயர்கள், சீருடை, மணியடித்தால் எழுந்து மணியடித்தால் படுப்பது: இவை தொழிற்சாலையையும் சிறையையும் பார்த்த எவனுக்கும் தோன்றும். எச். ஜி. வெல்ஸ் 1899இலேயே நீலத் துணி உடுத்திய தொழிலாளர் கூட்டத்தையும், ஓயாமல் செய்தி கத்தும் யந்திரங்களையும் எழுதிவிட்டார். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தாத்தா அவர்தான். பேரன்கள் எல்லோரும் தாத்தாவோடு சண்டை போட்டவர்கள். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய யந்திரக் கதை வெல்ஸின் சொர்க்கம் ஒன்றுக்கு எதிர்வினை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஜமியாத்தின் வெல்ஸைப் பற்றிக் கட்டுரையே எழுதியவர். தாத்தா மூக்கு எல்லோருக்கும் இருந்தால், பேரன்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மூக்கு வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

மிஞ்சுவது, இல்லாவிட்டாலும் கதை நடந்திருக்கும் என்கிற வகை ஒற்றுமை. ஜமியாத்தினில் கண்ணாடிச் சுவர் நகரத்தின் ஓரத்தில் ஒரு 'பழைய வீடு'. ஒளிபுகாச் சுவர், பழங்கால மேசை நாற்காலி, வாசலில் ஒரு கிழவி. டி-503ஐ அங்கே கூட்டிப்போவது ஐ-330 என்ற பெண். பாதுகாப்பான இடம் என்று தோன்றும், பாதுகாப்பானது அன்று. ஆர்வெல்லில் பழைய சாமான் கடைக்கு மேலே ஒரு அறை, பழங்காலக் கட்டில், கீழே ஒரு கிழவர், அதே ஏமாற்று. இரண்டிலும் நாட்குறிப்பு எழுதுபவன் நாயகன், அவனைவிடத் துணிந்தவள் அவள், முடிவில் அவன் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதி அடைகிறான். இது ஒத்துப்போகிறது, காலமும் ஒத்துப்போகிறது: 1946 ஜனவரி 4ஆம் தேதி 'ட்ரிப்யூன்' இதழில் ஆர்வெல் இந்த நாவலுக்கு மதிப்புரை எழுதினார், '1984' வந்தது 1949 ஜூன் 8. கதைச் சட்டகத்தில் கடன் உண்டு. அந்தப் பாதி சரி.

இரண்டும் இரண்டும்

ஆனால் எல்லோரும் முதலில் சுட்டிக்காட்டுவது பழைய வீட்டை அன்று, வாய்ப்பாட்டை. ஜமியாத்தினின் கதை நடக்கும் 'ஒற்றை அரசு' என்ற நாட்டில் இருமுறை இரண்டைக் காதலர்களாக வைத்துப் பாடும் கவிதை இருக்கிறது. ஆர்வெல்லில் இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்லும் உரிமையே சுதந்திரம். ஐந்து என்று ஒப்புக்கொள்ளவைப்பது சித்திரவதை அறை. அப்படியென்றால் இதுவும் அங்கிருந்து வந்ததுதான் என்று தோன்றும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் திசை நேரெதிர். ஜமியாத்தினுக்கு இது தஸ்தயேவ்ஸ்கியிடமிருந்து வந்தது. 1864இல் அவர் எழுதிய கதையில் வரும் நிலவறை மனிதனுக்கு இருமுறை இரண்டு நாலு என்பதே அவமானம், மனிதனுக்குப் பேச இடம் விடாத சுவர். ஆகவே ஜமியாத்தினின் சர்வாதிகாரம் 'நாலு' என்கிறது. சரியான விடைதான் விலங்கு.

ஆர்வெல்லின் சர்வாதிகாரம் 'ஐந்து' என்கிறது. அந்த ஐந்து மாஸ்கோத் தெருவிலிருந்து வந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தை நாலே ஆண்டில் முடிப்போம் என்பதற்கு 2+2=5 என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள், மின்விளக்கிலும் எழுதியிருந்தார்கள். அங்கே செய்தியாளராக இருந்த யூஜின் லயன்ஸ் 1937இல் எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்கிறார். அந்தப் புத்தகத்துக்கு ஆர்வெல் 1938இல் மதிப்புரை எழுதினார். 1939 ஜனவரியில், பெர்ட்ரண்ட் ரஸலின் நூலைப் பற்றி எழுதும்போது, தலைவன் சொன்னால் இரண்டும் இரண்டும் ஐந்தாகிவிடும் காலம் வரலாம் என்கிறார். ஜமியாத்தினின் பெயரையே அவர் கேள்விப்பட்டது 1944இல், க்ளெப் ஸ்த்ரூவ் எழுதிய சோவியத் இலக்கிய நூலைப் பார்த்துத்தான். அப்போது ஸ்த்ரூவுக்கு எழுதிய கடிதத்திலேயே, அந்த மாதிரி ஒரு புத்தகத்துக்குத் தானும் குறிப்பு எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகப் பளிச்சென்று தெரியும் ஒற்றுமை கடன் இல்லை. யாரும் கவனிக்காத பழைய வீடுதான் கடன். இந்த வகை ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து இது.

கப்பலில் கிடைத்த புத்தகம்

ஹக்ஸ்லி விஷயத்தில் வழக்கு நிற்காது. 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ஓரளவு 'நாங்க'ளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அந்த 1946 மதிப்புரையில் எழுதியவர் ஆர்வெல்லேதான். 1973இல் அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட், தன் முதல் நாவலின் கதையை ஹக்ஸ்லியிடம் சந்தோஷமாகத் திருடியதாகவும், ஹக்ஸ்லி அதை ஜமியாத்தினிடம் சந்தோஷமாகத் திருடியதாகவும் பேட்டியில் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு இன்று ஆதாரமாக ஊர் சுற்றுகிறது. ஹக்ஸ்லியோ தன் நாவலை எழுதி நெடுநாள் கழித்துத்தான் ஜமியாத்தினின் புத்தகத்தைப் பற்றியே கேள்விப்பட்டதாக 1962இல் கடிதம் எழுதினார். பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் அவருக்கு ஜமியாத்தின் தேவைப்படவில்லை. வெல்ஸ் 1923இல் எழுதிய ஒரு உட்டோப்பியாவைக் கிண்டல் செய்யத்தான் அவர் உட்கார்ந்தார். மற்ற சரக்கு அவர் பயணத்தில் இருந்தது.

அந்தப் பயணம் நம் பக்கமும் வந்தது. இந்தியா, பர்மா, மலாயா, பசிபிக், அமெரிக்கா என்று சுற்றி, 1926இல் வந்த பயண நூலில் மலாயாவுக்குத் தனிப் பகுதி கொடுத்திருக்கிறார். அமெரிக்கா போகும் வழியில் கப்பல் நூலகத்தில் ஹென்றி ஃபோர்டின் சுயசரிதை கையில் கிடைத்தது. ஆறு ஆண்டு கழித்து நாவலில் ஃபோர்டு கடவுளாகிவிட்டார், சிலுவையின் தலையை வெட்டி 'டி' ஆக்கியாயிற்று. முதல் அத்தியாயத்தில் குழந்தைப் பண்ணை இயக்குநர் கணக்குச் சொல்லுமிடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே சூலகத்திலிருந்து லண்டனின் சாதனை 16,012 பேர். வெப்பமண்டலத்தில் இன்னும் நன்றாக வருகிறதாம்: சிங்கப்பூரில் 16,500க்கு மேல், மொம்பாசாவில் 17,000. கொஞ்சம் தள்ளி, வெப்பமண்டலத்துக்கு அனுப்பப்படப் போகும் கருக்களைக் குளிர்ந்த சுரங்கத்தில் வைத்து எக்ஸ்ரேயால் வதைத்து, குளிர் என்றாலே நடுங்கும்படி பழக்குகிறார்கள். பிறந்தபின் சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் வேலை. வெயிலில் சந்தோஷமாக உழைப்பவனைப் புட்டியில் தயார் செய்து கப்பலேற்றுகிறார் ஹக்ஸ்லி. வெயில் நாட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறானே, அவன் என்ன ஆனான் என்ற கேள்வி வருவதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் வழிவந்த வாசகருக்கு இந்த இடம் சாதாரணமாகக் கடந்துபோகிற இடம் இல்லை.

போகிற போக்கில் இன்னொரு மலாயா ஆள். அந்தனி பர்ஜஸ் 1954இலிருந்து கோலகங்சாரிலும் பிறகு கோத்தாபாருவிலும் ஆசிரியராக இருந்து, இங்கேதான் நாவலாசிரியர் ஆனார். 1962இல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' எழுதியபோது, இளவட்டங்கள் பேசும் ரஷ்யக் கலப்பு மொழிக்கு அகராதி தரவில்லை. பத்துப் பக்கத்தில் தானாகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டார். வெளிநாட்டு விமர்சகர்கள் இதைப் பெரிய சோதனை முயற்சி என்பார்கள். ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் போட்டு 'தாப்பாவ்' என்று பார்சல் சொல்லிவிட்டுப் போகிற ஊரில் மூன்று நாவலுக்குச் சரக்கு சேர்த்தவருக்கு அது சோதனையாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மலபார் முனை

இனி உறுத்தலுக்கு வருவோம். '1984' படித்தவர்களிடம், அதில் தென்னிந்தியா வருவது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தமிழர்களே முழிப்பார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் எக்காளம் ஊதி அறிவிப்பு வருகிறது: மலபார் போர்முனையிலிருந்து செய்தி, தென்னிந்தியாவில் நம் படைகளுக்கு மாபெரும் வெற்றி. கெட்ட செய்தி ஏதோ வரப்போகிறது என்று நாயகன் வின்ஸ்டன் நினைக்கிறான். வருகிறது: அடுத்த வாரத்திலிருந்து சாக்லேட் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராம். பிறகு அலுவலகத்தில் அவன் திருத்தும் முதல் பொய்களில் ஒன்றும் இதைப் பற்றியதுதான். தென்னிந்திய முனை அமைதியாக இருக்கும், தாக்குதல் வட ஆப்பிரிக்காவில் வரும் என்று நாட்டின் தலைவர் பெரியண்ணன் பேசியிருந்தார். எதிரி தென்னிந்தியாவில் அடித்துவிட்டான். ஆகவே பழைய பத்திரிகையில் அந்தப் பேச்சையே மாற்றி எழுத வேண்டும்.

இந்தத் தென்னிந்தியா எந்த நாவலிலிருந்தும் வந்ததில்லை. 1941 ஆகஸ்டிலிருந்து 1943 நவம்பர் வரை ஆர்வெல் பிபிசியின் கீழைநாட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். வாரந்தோறும் போர்ச் செய்தித் தொகுப்பு எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. இந்தியாவுக்கும், ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாவுக்கும் ஆங்கிலத்தில் ஒலிபரப்பானவை சில. குஜராத்தி, மராத்தி, வங்காளம், தமிழ் ஆகிய மொழிகளில் பெயர்த்து வாசிக்கப்பட்டவை சில. நாவலில் பொய் தயாரிக்கும் 'உண்மை அமைச்சக'த்தை எழுதியவர், தமிழில் வாசிக்கப்படும் போர்ச் செய்திக்கு மூலம் எழுதிக்கொடுத்தவர்! கேட்பவர் இருக்கிறார்களா என்ற சந்தேகத்தோடுதான் அந்த வேலையைச் செய்தார். மலாயாவில் ஜப்பானியர் காலத்தில் எதிரி வானொலியைச் சிற்றலையில் கேட்பதே குற்றம். அந்த 1943 அக்டோபரில்தான் ஜப்பானியர் கட்டிய சயாம் மரண ரயில்பாதை, 415 கிலோமீட்டர், போட்டு முடிந்தது. தோட்டங்களிலிருந்து லாரியேற்றிக் கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியோடு இரண்டாம் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். கட்சியின் எதிரி கோல்ட்ஸ்டீனின் புத்தகம் என்று வருமே, எல்லோரும் தாண்டிப்போகும் அந்த நீளமான பகுதி. உலகை மூன்று வல்லரசுகள் பங்குபோட்டாயிற்று. எவனுக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லாத ஒரு நிலப்பரப்பு மட்டும் மிச்சம். அதன் நான்கு மூலைகளை ஆர்வெல் பெயர் சொல்லியே தருகிறார்: டாஞ்சியர், பிராஸவில், டார்வின், ஹாங்காங். உலக மக்களில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள். பள்ளிக்கூடத்து உலகப்படத்தைச் சுவரில் ஒட்டி, அந்த நாலு ஊரிலும் குண்டூசி குத்தி நூல் கட்டிப் பாருங்கள். சென்னை உள்ளே, யாழ்ப்பாணம் உள்ளே, ரங்கூன், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் உள்ளே. மொரிஷியஸும் டர்பனும் ஃபிஜியும் வெளியே. தமிழன் கூலிக்குக் கப்பலேறிய ஊர்களில் பாதியை ஒரே நூல் வளைத்துப்போட்டுவிடுகிறது.

அந்த இடத்தை எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. கனிமம்; பிறகு, குளிர்நாட்டில் அதிகச் செலவில் செயற்கையாகச் செய்ய வேண்டிய ரப்பர்; எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த கூலிக்கு வற்றாத ஆள். தென்னிந்தியாவும் இந்தோனேசியத் தீவுகளும் யார் கையில் இருக்கிறதோ, அவன் கையில் கோடிக்கணக்கான கூலிகளின் உடம்பும் இருக்கும். 'கூலி' என்றேதான் எழுதுகிறார். ஆங்கிலத்தில் புழங்கும் அந்தச் சொல்லை விளக்க நமக்கு யாரும் தேவையில்லை. ஒரு எஜமானனிடமிருந்து அடுத்த எஜமானனுக்குக் கைமாறி, நிலக்கரியும் எண்ணெயும் போலச் செலவழிக்கப்படுகிறார்கள்.

ஜமியாத்தினில் இது இல்லை. அங்கே இருநூறாண்டுப் போரில் மக்கள் தொகை 0.2 பங்காகச் சுருங்கிவிட்டது. பெட்ரோலியத்திலிருந்து உணவு, கவளத்துக்கு 50 முறை மெல்ல வேண்டும், பசுஞ்சுவருக்கு அப்பால் மயிர் முளைத்த காட்டு மனிதர்கள். உழைப்பவனும் உண்பவனும் அதே ஒரு கோடி 'எண்'கள்தான். அவருடைய பயங்கரம் நியூகாசிலில் முளைத்தது. 1916-17இல் ரஷ்யாவுக்காகப் பனியுடைக்கும் கப்பல்களை மேற்பார்வையிட அங்கே இருந்தவர், மீட்புக்கு அட்டவணை போட்டு மனைவியோடு இருப்பதற்கும் நாள் குறித்துவைக்கும் ஒரு பாதிரியாரை அப்போதே எழுதிவிட்டார். பின்னால் அது நேர அட்டவணையாகவும் உடலுறவுக்கு அனுமதி தரும் இளஞ்சிவப்புச் சீட்டாகவும் வளர்ந்தது. அட்டவணையைத் தோட்டத்துக்காரனும் அறிவான்: விடியுமுன் பெரட்டு என்ற ஆளெடுப்பு, கணக்கர் கிராணி கையில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு, மரக்கணக்கு, பால் நிறுக்கும் நேரம். ஆனால் ஜமியாத்தினின் அட்டவணை போட்டவனையும் கட்டும். தோட்டத்து அட்டவணை தொரையைக் கட்டாது. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னது. அந்தச் சைக்கிளுக்கு 'நாங்க'ளில் இடமில்லை. அது யாரை விட்டுவிட்ட 'நாங்கள்' என்பது அப்போது தெரிகிறது.

ஆர்வெல்லுக்கு இந்தக் கூலிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் தேதி இருக்கிறது. 1922இலிருந்து 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரி. 1939 ஜூலையில் ஒரு கட்டுரையில், பிரிட்டிஷ் பாட்டாளி வர்க்கத்தில் பெரும்பகுதி பிரிட்டனில் இல்லை, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது என்கிறார். இந்தியக் கூலியின் கால் சராசரி ஆங்கிலேயனின் கையைவிட மெலிந்திருப்பது சர்வ சாதாரணம் என்பதும் அதே கட்டுரையில்தான். 'நாங்க'ளைப் படிப்பதற்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே நாற்கோணத்துக்கு அளவெடுத்தாயிற்று.

இது நம் கைக்கு வராமலே போயிருக்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தக மன்றம், கோல்ட்ஸ்டீன் பகுதியையும் பின்னிணைப்பையும் வெட்டினால் எடுத்துக்கொள்கிறோம் என்றது. காசநோயோடு படுக்கையில் கிடந்த ஆர்வெல், 40,000 பவுண்டாவது போகும் என்று தெரிந்தே மறுத்தார். பிறகு அவர்களே இறங்கிவந்தார்கள். 1949 ஜூன் 8ஆம் தேதி, நூல் முழுதாக வெளிவந்தது. ஒரு காலத்தில் ஈட்டன் பள்ளியில் அவருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஹக்ஸ்லி, அக்டோபரில் நன்றிக் கடிதம் போட்டார்: தடியடியையும் சிறையையும்விடக் குழந்தையிலேயே பழக்குவதும் மயக்கி வசியம் செய்வதும்தான் ஆட்சியாளருக்குச் சுலபம் என்று. இருவரில் யார் சொன்னது பலித்தது என்று இன்றுவரை கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் லண்டனையும் நியூயார்க்கையும் மனதில் வைத்து.

அந்த ஜூன் 8க்கு 35 நாள் முன்பு, மே 4ஆம் தேதி, மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்து ஓராண்டுகூட முடியவில்லை. வயல் ஓரத்திலும் தோட்டத்து ஓரத்திலும் மக்களை அடைத்துவைக்கும் முள்கம்பி வர இன்னும் ஓராண்டு இருந்தது. லண்டனில் அச்சான நாவலில், சாக்லேட் பத்து கிராம் குறைந்ததை மறைக்க மலபாரில் வெற்றி என்று எக்காளம் ஊதிக்கொண்டிருந்தார்கள். மலபாரில் யார் செத்தார்கள் என்று வின்ஸ்டன் கேட்கவில்லை. அவனுக்கு நரம்புப்புண் அரிக்கிறது, ஷூ லேஸ் கிடைக்கவில்லை, சவரக்கத்தியும் தீர்ந்துவிட்டது.